வெள்ளெழுத்து வந்த பின் வெல்டிங்

நாற்பதைக் கடந்த வெல்டரின் வேலையில் முதலில் தெரியும் மாற்றம், வெல்டு ஜாயிண்டை விட்டு விலகுவது. டேக் வைத்த இடங்கள் சரியாக இருக்கும். அவற்றுக்கு நடுவில் ஓட்டிய பீடு மட்டும் ஒரு தகட்டின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஸ்லாக்கைத் தட்டி எடுத்த பிறகுதான் மறுபக்கத்து விளிம்பு உருகாமலே கிடப்பது தெரியவரும். ஆர்க் தொடங்க வேண்டிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி ராடு உரசும். தலை தானாகவே பின்னுக்குப் போகும், கழுத்து வலிக்கும். இருபது முப்பது வருடம் பழகிய ஒருவரின் வேலை இப்படி ஆகும்போது, கை தளர்ந்துவிட்டது என்று பட்டறையில் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவரும் அதை நம்பிவிடுகிறார். பெரும்பாலும் கையில் ஒரு குறையும் இருப்பதில்லை. கண் தெளிவாகப் பார்க்கும் தூரம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தூரத்துக்கு ஏற்ற லென்ஸ் கிடைத்தால் பலருக்குப் பழைய வேலை திரும்ப வந்துவிடும். நல்ல கைகளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இந்த அத்தியாயத்தில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன.

கண்ணில் நடப்பது

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் இளவயதில் நெகிழ்வானது. அருகில் பார்க்கும்போது அது தடித்து, தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். வயது ஏற ஏற அது விறைத்துப்போகிறது. 20 வயதில் 10 செ.மீ. அருகில் வைத்த எழுத்தையும் படிக்க முடிந்த கண்ணுக்கு, 50 வயதை ஒட்டி ஏறக்குறைய அரை மீட்டருக்கு உட்பட்டதெல்லாம் மங்கலாகிவிடும். 60ஐ நெருங்கும்போது இந்தச் சரிசெய்தல் அநேகமாக நின்றே போகும். வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் சொல்வது இதைத்தான். இது நோய் அல்ல, எல்லாருக்கும் வருவது. செய்தித்தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்துவிடலாம். வெல்டிங்கில் அந்த வசதி இல்லை. உருகிய குட்டை முகத்திலிருந்து பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை அடி தூரத்தில்தான் இருக்கும்; தள்ளிப் போனால் கை எட்டாது.

தூரம் மாறுவதோடு இன்னும் இரண்டு மாற்றங்கள் சேர்கின்றன. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. இவற்றால் 60 வயதுக்காரரின் விழித்திரைக்குச் சென்று சேரும் வெளிச்சம் 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. கூடவே, கண்ணுக்குள் ஒளி சிதறுவதும் அதிகமாகிறது. பிரகாசமான ஒரு புள்ளியைச் சுற்றி இருட்டான இடம் இருந்தால் அந்த இருட்டில் இருப்பது கண்ணுக்குப் பிடிபடாது. வெல்டிங்கில் பார்க்க வேண்டியதே அதுதான்: ஆர்க் கொளுத்தும் இடத்துக்கு அரை அங்குலம் முன்னால், கறுப்பாகக் கிடக்கும் ஜாயிண்டு கோடு. மங்கலுக்குப் பவர் லென்ஸ், வெளிச்சக் குறைவுக்கு ஷேடும் (கறுப்புக் கண்ணாடியின் கருமை எண்) விளக்கும், சிதறலுக்குச் சுத்தமான கண்ணாடியும் தேவைப்பட்டால் மருத்துவரும் என்று மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஷேடை மட்டும் குறைத்துக்கொண்டே போவது பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு.

முதலில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்

செலவே இல்லாத பரிசோதனையில் தொடங்குவது நல்லது. கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கண்ணாடி, ஸ்பாட்டர் தெறித்துக் குழிகுழியாகியிருக்கும். புகை படிந்து பழுப்பாகியிருக்கும். இளங்கண் அந்த அழுக்கைத் தாண்டிப் பார்த்துவிடும், வயதான கண்ணால் முடியாது. ஒவ்வொரு குழியும் ஆர்க் வெளிச்சத்தைச் சிதறடித்துப் பார்வைக்கு நடுவே ஒரு வெண்திரையை விரிக்கும். கட்டை விரலால் தடவினால் சொரசொரப்பு தட்டுப்படும் கண்ணாடியை மாற்றிவிட வேண்டும். உள்பக்கக் கண்ணாடியில் வியர்வையும் மூச்சுக்காற்றின் ஈரமும் படியும். அதையும் தினம் துடைக்க வேண்டும். சட்டை நுனியால் துடைத்தால் அரைத்த இரும்புத்தூளே பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். முதலில் தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதுதான் சரி.

அடுத்து, பின்னாலிருந்து வரும் வெளிச்சம். திறந்த ஷட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வெயில் ஹெல்மெட்டுக்குப் பின்புறமாக நுழைந்து உள்பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வெல்டருக்கு உருகிய குட்டைக்குப் பதிலாகத் தன் மூக்கும் சட்டையும்தான் தெரியும். இடத்தை மாற்றி உட்கார வேண்டும். முடியாத இடத்தில் ஹெல்மெட்டின் பின்விளிம்பிலிருந்து தோள்வரை தொங்கும்படி கெட்டியான பருத்தித் துணியோ தோலோ மாட்டிக்கொள்ளலாம். பாலியெஸ்டர் துணி வேண்டாம், பொறி பட்டால் உருகி ஒட்டும்.

தூரத்தை அளந்து பவரைத் தேர்வது

கண்ணாடிக் கடையில் படிப்பதற்குக் கொடுக்கும் பவர், பெரும்பாலும் 40 செ.மீ. தூரத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பது. வெல்டரின் தூரம் அதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேசையில் வைத்து டிக் வெல்டிங் செய்பவர் 25, 30 செ.மீ. வரை குனிவார். 450 மி.மீ. ராடைப் புதிதாக மாட்டியவரின் முகம் அரை மீட்டருக்கும் அப்பால் இருக்கும்; ராடு எரிந்து குறையக் குறைய முகமும் கிட்டே வரும். ஆகவே முதல் வேலை அளப்பது. மெஷினை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் நிலையில் ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். உதவியாளர் ஒருவர் கண்ணின் ஓரத்திலிருந்து ராடு நுனி வரை டேப்பால் அளக்க வேண்டும். ராடு புதிதாக இருக்கும்போது ஒரு முறை, பாதி தீர்ந்த நிலையில் ஒரு முறை, தரையில் குந்தி வேலை செய்யும்போது ஒரு முறை என்று அளந்தால் ஒருவருடைய வேலைத்தூரம் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை என்பது கிடைத்துவிடும்.

பவர் கணக்கு எளிது. 1ஐ மீட்டரில் சொன்ன தூரத்தால் வகுத்தால் அந்தத் தூரத்தில் பார்க்கத் தேவையான மொத்த பவர் வரும். அரை மீட்டருக்கு 2, 40 செ.மீ.க்கு 2.5, 33 செ.மீ.க்கு 3. இதில் ஒரு பகுதியைக் கண்ணே இன்னும் தருகிறது. மீதியை லென்ஸ் தர வேண்டும். 40 செ.மீ. வேலைக்கு, தூரப்பார்வை சரியாக உள்ளவருக்குப் பொதுவாக 45 வயதில் 1.00 முதல் 1.25, 50 வயதில் 1.50 முதல் 1.75, 55 வயதில் 2.00, 60க்கு மேல் 2.25 முதல் 2.50 வரை தேவைப்படும். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. பவர் கூடினால் எழுத்து பெரிதாகத் தெரிகிறதே என்று கூடுதலாக வாங்குவது தவறு. பவர் கூடக் கூடத் தெளிவாகத் தெரியும் தூரத்தின் எல்லை சுருங்கும். முகம் இரண்டு அங்குலம் முன்னோ பின்னோ போனால் எல்லாம் கலங்கிவிடும். வேலையை முடிக்கப் போதுமான பவர்களில் மிகக் குறைந்ததே நல்லது.

தூரப்பார்வைக்கு ஏற்கெனவே கண்ணாடி போடுகிறவர் அதைக் கழற்றிவிட்டு நடைபாதைக் கடையில் வாங்கிய கண்ணாடியைப் போட்டால் கணக்கு தப்பும். சிலிண்டர் பவர் இருப்பவருக்கு இது இன்னும் மோசம்: ஒரு திசையில் ஓடும் கோடு தெளிவாகவும் குறுக்கே ஓடும் கோடு மங்கலாகவும் தெரியும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் இருப்பதும் சாதாரணம். இவர்கள் ஒருமுறையாவது முறையான கண் பரிசோதனை செய்து, தங்கள் வேலைத்தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி செய்துகொள்வது நல்லது.

பைஃபோக்கல் ஏன் உதவுவதில்லை

பைஃபோக்கல், புரோக்ரசிவ் கண்ணாடிகளில் கிட்டப் பார்க்கும் பகுதி அடியில் இருக்கிறது. உட்கார்ந்து கீழே குனிந்து படிப்பவருக்கு அது பொருத்தம். ஹெல்மெட் போட்டவர் நேராகப் பார்க்கும் ஜன்னல் வழியாகத்தான் வேலையைப் பார்க்கிறார். கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டுமானால் முகவாயைத் தூக்க வேண்டும், அப்போது ஹெல்மெட்டும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். பார்வை ஜன்னலின் கீழ்விளிம்புக்குப் போய்விடும், கழுத்து பிடித்துக்கொள்ளும். செங்குத்துத் தகட்டில் ஓரளவு சமாளிக்கலாம். தலைக்கு மேலே செய்யும் ஓவர்ஹெட் வேலையில் பைஃபோக்கல் முற்றிலும் பயனற்றது, ஏனென்றால் பார்வை மேல்பாதி வழியாகத்தான் போகிறது. புரோக்ரசிவில் கிட்டப் பார்க்கும் பகுதி இன்னும் குறுகல். ஓரங்களில் கோடு வளைந்து தெரியும். நேர்கோட்டில் பீடு ஓட்டுகிறவருக்கு அந்த வளைவே போதும், வெல்டு வழிதவற.

முழுக் கண்ணாடியும் ஒரே பவரில், வேலைத்தூரத்துக்கென்று செய்த கண்ணாடி இதற்கு ஒரு தீர்வு. பாலிகார்பனேட் லென்ஸில் பக்கக் காப்போடு செய்தால், ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு ஸ்லாக் தட்டும்போது தெறிப்பவற்றிலிருந்தும் கண்ணைக் காக்கும். குறை ஒன்றுதான்: அதைப் போட்டுக்கொண்டு நடமாட முடியாது. பத்தடி தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். கிரேன் ஓடும் கூடத்தில், சாரத்தில் ஏறும்போது அது ஆபத்து.

ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் லென்ஸ்

மேற்சொன்ன குறை இல்லாத வழி, பவர் லென்ஸை ஹெல்மெட்டுக்குள்ளேயே பொருத்துவது. வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் மேக்னிஃபையர் என்றோ சீட்டர் லென்ஸ் என்றோ கேட்டால் கிடைக்கும் செவ்வக லென்ஸ் இது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், கண்ணுக்கும் அதற்கும் நடுவில் அமரும். ஜன்னல் முழுவதும் ஒரே பவர் என்பதால் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெளிவு கிடைக்கும். ஹெல்மெட்டைத் தூக்கினால் தூரப்பார்வை உடனே பழையபடி. விலையோடு ஒப்பிட்டால் இதைவிடப் பலன் தரும் பொருள் வயதான வெல்டருக்கு வேறில்லை.

வாங்குமுன் அளவு பார்க்க வேண்டும். இந்த லென்ஸ் 2 அங்குலத்துக்கு 4¼ அங்குலம், அதாவது ஏறக்குறைய 51 × 108 மி.மீ. அளவில் வருகிறது. நம் பட்டறைகளில் புழங்கும் சாதாரண ஹேண்ட் ஸ்கிரீனில் பெரும்பாலும் 3¼ × 4¼ அங்குலக் கறுப்புக் கண்ணாடி இருக்கும். அதில் இந்த லென்ஸுக்கென்று இடம் இருக்காது. தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டுகள் பலவற்றில் வடிகட்டிப் பெட்டியின் பின்புறம் இதற்கான பள்ளமோ கிளிப்போ உண்டு. இல்லாதவற்றுக்குத் தனிச் சட்டம் வாங்கி மாட்டலாம். பசையால் ஒட்டுவது கூடாது, துடைக்கவும் மாற்றவும் முடியாமல் போகும்.

லென்ஸ் நேர்பார்வையின் எதிரில் வர வேண்டும். சற்று இறங்கியிருந்தால் அதன் மேல்விளிம்பு பார்வைக்கு நடுவே கோடாக நிற்கும். ஹெல்மெட்டின் தலைப்பட்டையைச் சரிசெய்து ஜன்னலை முகத்துக்கு முடிந்தவரை கிட்டே கொண்டுவந்தால், பார்வைப் பரப்பு விரியும்; லென்ஸ் ஓரத்தின் கோணலும் குறையும்.

தூரக் கண்ணாடியின் மேல் இந்த லென்ஸ் வரும்போது இரண்டு பவரும் கூட்டப்படும். தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி என்றால் சிக்கலில்லை, அதற்காகத்தான் லென்ஸே. பைஃபோக்கலின் அடிப்பகுதியும் லென்ஸும் ஒரே நேரத்தில் குறுக்கே வந்தால் 2.00ம் 2.00ம் சேர்ந்து 4.00 ஆகும், 25 செ.மீ. தூரம் மட்டுமே தெளியும், ஆர்க்கில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஹெல்மெட் லென்ஸ் வாங்கியும் பலனில்லை என்று தூக்கிப் போட்டவர்களில் பலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

பவர் சரியா என்று ஆர்க் போடாமலே பார்த்துவிடலாம். மெஷின் அணைந்திருக்க, ஜாயிண்டின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டு, வேலை செய்யும் நிலையில் உட்கார வேண்டும். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் என்றால் வெளிர் நிலையிலேயே தெரியும். சாதாரண ஹெல்மெட் என்றால் கறுப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். அரை மி.மீ. கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தலையை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, கோடுகள் கலங்கத் தொடங்கும் இரு எல்லைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். டேப்பால் அளந்த வேலைத்தூரம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழுந்தால் பவர் சரி. கிட்டே மட்டும் தெளிந்தால் பவர் கூடுதல், எட்டத்தில் மட்டும் தெளிந்தால் குறைவு. கழற்றிய கறுப்புக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிய பிறகே மெஷினை ஆன் செய்ய வேண்டும்.

ஷேடு

ஷேடு எண் ஒன்று குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் சுமார் 2.7 மடங்கு கூடுகிறது. 60 வயதுக் கண் இழந்த மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தை ஒரு எண் குறைப்பே ஏறக்குறைய ஈடுகட்டிவிடும் என்பது இதிலிருந்து தெரிகிறது. இரண்டு மூன்று எண் இறங்க அவசியமே இல்லை. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் பரிந்துரைப்படி, ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை 10 ஷேடு வசதியானது, 8க்குக் கீழே இறங்கக் கூடாது. 160 முதல் 250 வரை 12, குறைந்தபட்சம் 10. மிக் வெல்டிங்கில் 60 முதல் 160 வரை 11ம், 160 முதல் 250 வரை 12ம் சொல்லப்படுகின்றன. இரண்டுக்கும் கீழ்வரம்பு 10. டிக்கில் 50 முதல் 150 வரை 12, கீழ்வரம்பு 8. இருண்ட எண்ணிலிருந்து தொடங்கி, உருகிய குட்டையின் முன்விளிம்பு தெரியும் வரை ஒவ்வொன்றாக இறங்கி, கீழ்வரம்புக்கு முன் நின்றுகொள்ள வேண்டும்.

ஒரு எண் இறக்கியதும் பார்வை தெளியாமல் கூச்சம்தான் கூடுகிறது என்றால் அது கவனிக்க வேண்டிய அடையாளம். கண்ணுக்கு வெளிச்சம் போதாமல் இல்லை. வரும் வெளிச்சம் உள்ளே சிதறுகிறது. கண்ணாடியும் சுத்தமாக இருந்தால் கண்புரையைச் சந்தேகிக்க வேண்டும்.

கூலிங் கிளாஸை இரண்டடுக்காகப் போட்டுக்கொள்வதும், கண்ணை மூடிக்கொண்டு டேக் வைப்பதும், கை மறைப்பில் ஆர்க் அடிப்பதும் தெளிவாகப் பார்ப்பதற்காகக் கண்டுபிடித்த குறுக்குவழிகள். ஜாயிண்டைப் பார்த்தபடி ஆர்க் தொடங்க முடியாததால்தான் இவை பிறந்தன. இப்படிப் புற ஊதாக் கதிர் பட்ட கண், சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தி நீர் வடிக்கும். வலி தெரியாமல் இருக்க மரப்புச் சொட்டு மருந்தை வாங்கித் தானாக விட்டுக்கொள்வது கருவிழியைக் கெடுக்கும். மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்தக் குறுக்குவழிகளுக்கு நேர்மையான மாற்று தானாகக் கறுக்கும் ஹெல்மெட். சுவீடனில் ஓகே ஹெர்னெல் உருவாக்கிய ஸ்பீடுகிளாஸ் 1981இல் சந்தைக்கு வந்தது. ஆர்க் இல்லாதபோது 3 அல்லது 4 ஷேடில் வெளிராக இருந்து, ஆர்க் எழுந்ததும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கறுக்கும். தரமான வடிகட்டி வெளிர் நிலையிலும் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்தபடியே இருக்கும். வயதான கண்ணுக்கு வாங்கும்போது ஐரோப்பியத் தரக்குறியீட்டில் வரும் நான்கு எண்களைப் பார்க்க வேண்டும்: 1/1/1/1 என்பது சிறந்தது, 1/1/1/2 நல்லது. இரண்டாவது எண் ஒளிச்சிதறலையும் நான்காவது எண் சாய்வாகப் பார்க்கும்போது ஷேடு மாறுவதையும் குறிக்கின்றன. இந்த இரண்டும்தான் வயதானவரை அதிகம் தொந்தரவு செய்பவை. நிறத்தை இயல்பாகக் காட்டும் புதிய வகைகளில் ஸ்லாக்கும் உருகிய உலோகமும் வேறுபடுவது எளிதில் தெரியும்.

வெளிச்சமும் தயாரிப்பும்

ஹெல்மெட் வெளிர் நிலையில் இருக்கும்போது பட்டறை விளக்கு எவ்வளவு நல்லதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதாக ஆர்க் தொடங்கும் இடம் தெரியும். காந்த அடி கொண்ட எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஜாயிண்டுக்கு ஓரடிக்குள், பக்கவாட்டில் சாய்வாக வைப்பது பெரிய உதவி. சாய்வான வெளிச்சம் தகடு விளிம்பின் நிழலை எழுப்பிக் கோட்டைக் காட்டும். ஆர்க் எழுந்த பின் இந்த விளக்கின் பங்கு குறைந்துவிடும். 10 ஷேடு வழியாக வருவது ஏழாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான். குறைந்த ஆம்பியர் டிக் வேலையில் மட்டும் கொஞ்சம் உதவும்.

ஆர்க் ஓடும்போது கோடு தெரிய வேண்டுமானால் தகடே அதைக் காட்ட வேண்டும். ஜாயிண்டின் இருபுறமும் ஓர் அங்குலத்துக்குத் துருவும் மில் ஸ்கேலும் போக கிரைண்டரால் தேய்த்தால், பளபளப்புக்கு நடுவில் ஜாயிண்டு கறுங்கோடாகத் தெரியும். பில்டப் வேலையிலும் அகலமான கேப்பிங்கிலும் ஜாயிண்டு மறைந்துபோகும். அங்கே இரு ஓரங்களிலும் சோப்புக்கல்லால் கோடிடலாம், அல்லது சென்டர் பஞ்சால் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளி குத்தலாம். வெள்ளிப் பென்சில் கோடு ஆர்க்கின் வெளிச்சத்தில் மின்னும். டேக்குகளை வழக்கத்தைவிடச் சிறிதாகவும் நெருக்கமாகவும் வைத்தால் அவையே வழிகாட்டிக் கற்களாகும்.

உட்காரும் முறையும் பார்வையின் பகுதிதான். மிக் டார்ச்சை நெட்டாகப் பிடித்து மேலிருந்து பார்த்தால் நாசிலே குட்டையை மறைக்கும். தலையைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய் கம்பி உலோகத்தைத் தொடும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஆர்க்கின் ஒளியையே பார்த்துக்கொண்டிருக்காமல் குட்டையின் முன்விளிம்பில் கண்ணை வைக்க வேண்டும். புகை முகத்துக்கும் வேலைக்கும் நடுவே எழாதபடி பக்கத்தில் நகர்ந்துகொள்ள வேண்டும். முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொண்டால் தலையும் ஒரே தூரத்தில் நிற்கும். லென்ஸ் பவர் கூடக் கூட இந்த ஊன்றுகோல் அவசியமாகிறது. ஓட்டத் தொடங்கும் முன் ராடை எரிக்காமல் ஒருமுறை முழுக் கோட்டிலும் ஓட்டிப் பார்த்தால், எந்த இடத்தில் பார்வை மறையும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

காண்டாக்ட் லென்ஸ் போட்டவர் வெல்டிங் செய்தால் லென்ஸ் உருகிக் கண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்ற பேச்சு உண்மையல்ல. தூசும் புகையும் நிறைந்த இடத்தில் அது உறுத்தும் என்பதுதான் தொல்லை. பாதுகாப்புக் கண்ணாடியும் ஹெல்மெட்டும் வழக்கம்போல் வேண்டும்.

லென்ஸால் தீராதவை

கண்புரை உள்ளவருக்கு எந்தப் பவரும் தெளிவைத் தராது. எதிர்வரும் வண்டி விளக்கு கூசுவது, வண்ணங்கள் மங்குவது, கண்ணாடி பவர் அடிக்கடி மாறுவது ஆகியவை அடையாளங்கள். அறுவை சிகிச்சையில் புதிய லென்ஸ் வைக்கும்போது, எந்தத் தூரத்தில் வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரே தூரத்துக்கான லென்ஸ் வைத்தால் மற்ற தூரத்துக்குக் கண்ணாடி தேவைப்படும். பல தூரத்துக்கான லென்ஸில் பிரகாசமான ஒளியைச் சுற்றி வளையம் தெரியக்கூடும், ஆர்க்கைப் பார்த்து வாழ்கிறவர் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் ஏறி இறங்கும். சர்க்கரை கட்டுக்குள் வராத நாளில் அளந்து வாங்கிய லென்ஸ் இரண்டு வாரத்தில் பொருந்தாமல் போகலாம். அவர்களுக்கு வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனையும் கட்டாயம். நேர்கோடு நடுவில் வளைந்தோ அறுந்தோ தெரிந்தால், அல்லது பார்வையின் நடுவில் நகராத ஒரு கரும்புள்ளி நின்றால், அது விழித்திரையின் மையப் பகுதியைப் பற்றியது. காத்திருக்காமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண் நீர் அழுத்தம் இதற்கு நேர்மாறானது: ஓரப்பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுவிடும், நடுப்பார்வை நன்றாக இருப்பதால் வெல்டு அழகாகவே விழுந்துகொண்டிருக்கும். 40 வயதுக்கு மேல் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்வதைத் தவிர இதைப் பிடிக்க வழியில்லை; அழுத்தம் அளப்பது மட்டும் போதாது.

பரிசோதனைக்குப் போகும்போது டேப்பால் அளந்த வேலைத்தூரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். ஹெல்மெட்டில் இப்போது எந்த பவர் லென்ஸ் இருக்கிறது, எந்த ஷேடு பயன்படுகிறது என்பதையும் அதில் குறிக்கலாம். வேலைத்தூரத்தைச் சொல்லாவிட்டால் படிக்கும் தூரத்துக்கான பவர்தான் கிடைக்கும். கண்ணாடி மாறினாலோ அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவர் வேலைக்கு அனுமதித்தாலோ ஹெல்மெட் லென்ஸை ஸ்டீல் ஸ்கேல் வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். பழைய பவர் அநேகமாகப் பொருந்தாது.